கடைசிப் பாகம் பந்தல்குடியில்

ராக்கம்மாளுக்குப் புத்தகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை, யாரும் அவளுக்குச் சொன்னதும் இல்லை. அப்பேர்ப்பட்டவள் கண் முன்னாலேயே, முழுப்பரீட்சை லீவு விடுகிற அன்றைக்கு, ரேணுகாதேவி டீச்சர் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து அதன் முதுகில் பிளேடு போட்டு நாலாகப் பிளந்தார். மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றிருந்த ராக்கம்மாளுக்குத் தன் வயிற்றிலேயே பிளேடு போட்ட மாதிரி இருந்தது.

"என்ன டீச்சர் இப்பிடிப் பண்ணிட்டீக? சரஸ்வதியில்லையா அது?"

டீச்சர் அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடுவே கிடக்கிற இந்த உப்போடைப்பட்டிக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தராசில் நிறுத்துப் போடுகிற மாதிரிதான் பேசுவார்.

"புத்தகம் ஒண்ணு, புள்ளைக நாலு. நான் என்ன செய்யிறது அக்கா? பீரோவுக்குள்ள பூட்டி வச்சா மட்டும் சரஸ்வதி சந்தோசமா இருப்பாகளாக்கும்?"

நாலாம் வகுப்பில் இருந்ததே நாலு பிள்ளைகள்தான். டீச்சர் நாலு பாகத்தையும் ஊசி நூலால் தனித்தனியாகத் தைத்தார். முதல் பாகம் ராக்கம்மாள் மகள் தங்கச்செல்விக்கு. இரண்டாவது மளிகைக்கடைக்காரர் மகன் மதன்குமாருக்கு. மூன்றாவது தோட்டத்து வீட்டுக் கனகலட்சுமிக்கு. கடைசி, நுங்கு வெட்டுகிறவர் மகள் ஆவுடைத்தாய்க்கு. ஆளுக்கு ஒரு பாகத்தை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். மிச்சக் கதை தெரிய வேண்டும் என்றால் அடுத்தவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ள வேண்டும். இதுதான் ஏற்பாடு.

"பரிச்சை உண்டுமா டீச்சர்?" என்று கேட்டான் மதன்குமார்.

"கிடையாது. எழுதவும் வேண்டாம், ஒப்பிக்கவும் வேண்டாம். சும்மா சந்தோசத்துக்குப் படிங்க."

சந்தோஷத்துக்குப் படிப்பதா? ராக்கம்மாள் அதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு நெருடல் இருந்துகொண்டே இருந்தது. கிழித்த புத்தகம். அது வீட்டுக்குள் வருகிறது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யார் கண்டது?

அந்தத் தொண்ணூற்றிரண்டாம் வருஷக் கோடையில் ஊரில் இன்னொரு பயமும் நடமாடிக்கொண்டிருந்தது. பந்தல்குடிக்குப் போகிற பாதையில் உப்போடை குறுக்கே ஓடுகிறது. ஓடுகிறது என்று பேச்சுக்குச் சொல்வதுதான், மழை பெய்தால் உண்டு. அந்த ஓடைக்கு அரசாங்கம் பாலம் கட்ட ஆரம்பித்திருந்தது. எங்கிருந்தோ வந்த வேலையாட்கள் ஓடைக்கரையில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஊருக்குத் தெரியாத முகங்கள், ஊருக்குப் புரியாத பேச்சு. போதாதா? தூண் நிற்கவே மாட்டேன் என்கிறதாம், கட்டக் கட்டச் சாய்கிறதாம், பலி கேட்கிறதாம், தலைப்பிள்ளையாகப் பார்த்துத் தேடுகிறார்களாம் என்று குழாயடியில் ஒருத்தி ஆரம்பித்தாள். பொழுது சாய்வதற்குள் பந்தல்குடியில் இரண்டு பிள்ளைகளைக் காணோம் என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. காணாமல் போன பிள்ளைக்கு ஊர் எது, பேர் எது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் பயம் போய்விடும் அல்லவா?

தங்கச்செல்வி தலைப்பிள்ளை. ராக்கம்மாளுக்கு அதற்கு அப்புறம் பிள்ளையும் இல்லை.

அதனால் லீவு விட்ட நாளிலிருந்து மகளுக்கு வீட்டுக்காவல்தான். "தெருவத் தாண்டுனா காலை ஒடிச்சிருவேன். கோணிப்பையோட திரியிறாங்ஙெ. ஆள் சத்தம் கேட்டாலே மூச்சக் காட்டாம ஒளிஞ்சுக்கிறணும், தெரிஞ்சுச்சா?" என்று காலையும் மாலையும் ஓதினாள். பிள்ளை கையில் இருந்த முதல் பாகத்தையே திரும்பத் திரும்பப் படித்தது. சாயங்காலம் ராக்கம்மாள் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கும். பவளம் என்று ஒரு சின்னப்பிள்ளை. அவளுடைய வெள்ளாட்டுக்குட்டி காணாமல் போய்விடுகிறது. குட்டியின் கழுத்து மணிச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்கிறது. அந்தச் சத்தத்தின் பின்னாலேயே பவளம் வீட்டை விட்டுப் போகிறாள். அதோடு பாகம் முடிந்துவிடும்.

"பெறகு என்னாச்சுன்னு மதன் வீட்டுல இருக்கும்மா. போயிட்டு வாரேம்மா."

"ஒண்ணும் ஆகியிருக்காது. ஆட்டுக்குட்டி நரி வாயில போயிருக்கும். நீ பேசாம இரு."

இப்படி எத்தனையோ முறை கேட்டு, எத்தனையோ முறை வாங்கிக் கட்டிக்கொண்டது பிள்ளை.

அன்றைக்குப் புருஷன் உக்கிரபாண்டி விடிவதற்கு முன்னாலேயே பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டான். ராக்கம்மாள் களத்தில் மிளகாயைப் பரப்பிவிட்டு, கோழி கிண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மகளை வேப்பமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, விறகுக்குப் போனாள். கட்டோடு திரும்பி வந்தபோது களத்து நடுவில் கோழிகள் கொண்டாட்டமாகக் கிண்டிக்கொண்டிருந்தன. வேப்பமரத்தடியில் ஒரு கல் மட்டும் இருந்தது. கல்லுக்குக் கீழே, காற்றில் பறக்காமல், முதல் பாகம் இருந்தது.

விறகுக்கட்டு தலையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"ஏத்தா! ஏ புள்ளே!"

பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கத்துப் பெண்கள் உச்சிப்பொழுது நெருங்கிவிட்டால் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் முனி காட்டில் உலாத்துமாம். கூப்பிடுகிற பேரையும் குரலையும் அது பிடித்துக்கொள்ளுமாம். பிறகு அம்மா குரலிலேயே பிள்ளையைக் கூப்பிடுமாம், பிள்ளையும் அதன் பின்னாலேயே போய்விடுமாம். ஊருக்குள் என்றால் 'ஏத்தா' என்றோ 'ஏ புள்ளே' என்றோ கூப்பிட்டுக்கொள்ளலாம். காட்டுப்பாதையில், அதுவும் ஓடைப்பக்கம் என்றால், அதுவும் கூடாது. வாயை மூடிக்கொண்டு நடக்க வேண்டும். ராக்கம்மாளுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு குடித்தது.

மளிகைக்கடைக்கு ஓடினாள். கல்லாவில் சின்னத்துரை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். மகன் மதன்குமார் மூட்டை மேல் கவிழ்ந்து கிடந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, எம் புள்ள வந்துச்சா?"

"காலைல வந்துச்சே தாயி. ரெண்டும் அந்த மூட்டை மேல உக்காந்து குசுகுசுன்னு படிச்சுச்சுக. என்ன, ஒரு மாதிரி இருக்கீக?"

"பெரியம்மா, அவ கனகு வீட்டுக்குப் போயிட்டா," என்றான் மதன்குமார். "கரடி என்ன செஞ்சுச்சுன்னு தெரியாம இருக்க முடியலைன்னுட்டா."

"எந்தக் கரடிடா?"

கேட்டிருக்கவே கூடாது. பயல் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "காட்டுக்குள்ள ஒரு கரடி இருக்குல்ல, அதுக்கு மணிச் சத்தம் எங்க போச்சுன்னு தெரியும். ஆனா சும்மா சொல்லாது. ஒங் கொரலக் குடு, வழி சொல்லுறேங்கும். பவளம் குடுத்துருவா. இனிமே அவ எம்புட்டுக் கத்துனாலும் சத்தம் வராது பெரியம்மா. வாய் மட்டும்தான் தெறக்கும்."

"சீ, வாயக் கழுவு!" என்று சத்தம் போட்டாள் ராக்கம்மாள். கதைதான் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாய் மட்டும் திறக்கிற ஒரு பிள்ளை மனசுக்குள் வந்து நின்றுகொண்டது, போகச் சொன்னால் போகவில்லை.

"பஸ்ஸுல யாராச்சும் போனா உக்கிரபாண்டிக்குச் சொல்லி விடுறேன் தாயி. நீங்க பதறாதீக," என்று அண்ணாச்சி சொன்னபோது அவள் தெருமுனையில் இருந்தாள்.

கனகலட்சுமி வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்தில் தனியாக இருந்தது. வீட்டுக்கு முன்னால் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு, தரையோடு தரையாக வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வீட்டு ஆட்களைத் தேடுவதற்கு முன்னால் ராக்கம்மாளின் கால் கிணற்றுப் பக்கம்தான் போனது. மண்டி போட்டு எட்டிப் பார்த்தாள். அடியில் பாசி பிடித்த கொஞ்சம் தண்ணீர். ஒரு புறா படபடவென்று முகத்துக்கு நேரே ஏறி வந்தது. பின்னால் சாய்ந்தாள்.

"அத்தை! ஏன் அத்தை கெணத்துல பாக்குறீக?" வீட்டுக்குள்ளிருந்து கனகலட்சுமி ஓடி வந்தாள். பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லை. அவள்தான் தம்பியைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாளாம்.

"தங்கம் எங்கத்தா?"

"வந்து படிச்சுட்டுப் பந்தல்குடிக்குப் போயிட்டா அத்தை. ஆவுடைத்தாய் வீட்டுல எல்லாரும் அங்கதான இருக்காக. ரோட்டோரத்துல நுங்குக்கடை போட்டுருக்காக. கடைசிப் பாகமும் அங்கதான் இருக்கு."

பந்தல்குடி. மூன்று மைல். தூத்துக்குடி லாரிகள் கண்மண் தெரியாமல் ஓடுகிற ரோடு. அதற்கு முன்னால் ஓடை. ஓடையில் பாலம்.

"தனியாவா போனா? நீ தடுக்கலையா?"

கனகலட்சுமியின் கண் கலங்கிவிட்டது. "சொன்னேன் அத்தை. அவ கேக்கலை. இந்தப் பாகம் அப்பிடி முடிஞ்சுருது அத்தை. நானும் போயிருப்பேன், தம்பி இருக்கான்னுதான் போகலை."

"எப்பிடி முடியுது?"

அந்த நேரத்தில் அந்தக் கேள்வி ஏன் வாயில் வந்தது என்று ராக்கம்மாளுக்கே தெரியாது. மகளை எது இழுத்துக்கொண்டு போனது என்று தெரிந்தால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"பவளம் பாழுங்கெணத்துல விழுந்துருவா அத்தை. செத்துப்போகலை, அடியில மண்ணுதான். அவுக அம்மா தேடிக்கிட்டே கெணத்து மேட்டுக்கே வந்து நின்னுருவாக. பவளமேன்னு கூப்பிடுவாக. பவளத்துக்கு எல்லாம் கேக்கும். ஆனா கொரலுதான் கரடிகிட்ட இருக்கே! வாயத் தெறப்பா, சத்தம் வராது. அம்மா திரும்பி நடக்க ஆரம்பிப்பாக. அம்புட்டுத்தான், முடிஞ்சுருச்சு."

ராக்கம்மாள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு பாதையில் இறங்கினாள்.

அந்தப் பாதையில் உச்சி வெயிலில் ஈ காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் வெடித்த கரிசல். அங்கங்கே சீமைக்கருவேலம். சரளைக்கல் செருப்பையும் மீறிச் சுட்டது. வழியில் இருந்த ஒவ்வொரு கிணற்றையும் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கிணற்று மேட்டில் நின்றபோது, உள்ளே பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்குமோ, தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. "பாவி டீச்சரு, பாவி டீச்சரு," என்று முணுமுணுத்தாள். பாவம் அந்த டீச்சர், அருப்புக்கோட்டையில் தன் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

ஓடை வந்தது. பாதி எழும்பிய தூண்கள் இரண்டு வெயிலில் நின்றன. சாயவும் இல்லை, ஒன்றும் இல்லை, நேராகத்தான் நின்றன. கரையில் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்களை உருட்டிப் போட்டிருந்தார்கள். வேலையாட்கள் தூரத்தில் புளியமரத்தடியில் படுத்திருந்தார்கள். ஒருத்தன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்த மாதிரி இருந்தது.

மகளின் பேர் தொண்டை வரை வந்துவிட்டது. ஓடை. உச்சிப்பொழுது. முனி கேட்டுக்கொண்டிருக்கும். அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வந்த பேரை அப்படியே விழுங்கினாள். தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல், குழாய்களை ஒட்டித் தடதடவென்று ஓடி ஓடையைக் கடந்தாள். அக்கரைக்கு ஏறிய பிறகுதான் மூச்சே விட்டாள்.

பந்தல்குடி ரோட்டில் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நுங்குக்கடையில் ஆவுடைத்தாயும் அவள் அம்மா சங்கரம்மாளும் மட்டும் இருந்தார்கள்.

"வாங்க மதினி! மூஞ்சியெல்லாம் செவந்து போச்சே, இப்பிடி உக்காருங்க," என்றாள் சங்கரம்மாள். "தங்கம் அப்பவே கெளம்பிருச்சே? வழியில பாத்துருப்பீகளே?"

"வழியிலயா?"

"ஆமா அத்தை," என்றாள் ஆவுடைத்தாய். "இங்கயே படின்னு சொன்னேன். அம்மா தேடும், கைல கொண்டு போயிட்டு நாளைக்குக் குடுக்குறேன்னா. ரொம்ப நேரமாச்சே! நாங்க ரெண்டு தடவ லாரிக்காரகளுக்கு நுங்கு வெட்டிக் குடுத்துட்டோம்."

ஊருக்குப் போக ஒரே பாதைதான். அந்தப் பாதையில்தான் ராக்கம்மாள் வந்தாள். எதிரில் ஒரு ஆடு கூட வரவில்லை.

சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "இருங்க மதினி, அவுக லோடு எடுக்கப் போயிருக்காக, வரவும் சைக்கிள்ல அனுப்புறேன்." ராக்கம்மாள் கையை உதறிவிட்டு வந்த வழியே திரும்பினாள். பாலத்துக்கும் பந்தல்குடிக்கும் நடுவில் மறைவு என்று எதுவும் இல்லை, வெட்டவெளிப் பொட்டல். அப்படியென்றால் பிள்ளை பாலம் வரை வந்திருக்கிறாள். பாலத்தோடு காணாமல் போயிருக்கிறாள். இந்தக் கணக்குப் போடுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டே முனிக்கு நேர்ந்துகொண்டாள். "முனியய்யா, கிழிச்ச புத்தகத்த வீட்டுக்குள்ள விட்டது எந் தப்புதான். எம் புள்ளையக் குடுத்துரு. அந்தப் புத்தகத்த ஒங் காலடியில போட்டு எரிச்சுருறேன். நாலு பாகத்தையும் வாங்கி எரிச்சுருறேன். இனி எம் புள்ள கதைன்னு வாயெடுக்காது."

ஓடைக்கரையில், குழாய்களுக்குப் பக்கத்தில், ஒரு செருப்பு கிடந்தது. சின்னச் செருப்பு. வார் அறுந்து, மல்லாக்கக் கிடந்தது. பொங்கலுக்குத் திருச்சுழிச் சந்தையில் பேரம் பேசி வாங்கியது. வரும்போது தலையைக் குனிந்து ஓடியவள் கண்ணில் அது படவே இல்லை.

ராக்கம்மாள் செருப்பை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். தூண்களைப் பார்த்தாள். தூணுக்கு அடியில் புதிதாகக் கொட்டியிருந்த ஈரச் சிமெண்டைப் பார்த்தாள். அவள் மனசு என்னவெல்லாம் பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புளியமரத்தடியில் ஆட்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

கதையில் கிணற்று மேட்டில் நின்ற அந்த அம்மாவாவது கூப்பிட்டாளே! பிள்ளைக்குத்தான் குரல் இல்லை. இங்கே நான் வாயிருந்தும் ஊமையாக இந்த இடத்தைத் தாண்டிப் போனேனே! இந்த நினைப்பு வந்ததும் ராக்கம்மாளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. முனி கேட்டால் கேட்கட்டும். முனிக்கு முன்னால் பிள்ளைக்குக் கேட்கட்டும்.

"தங்கச்செல்வீ!"

உச்சிப்பொழுதில், ஓடைக்கரையில், பேர் சொல்லி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். தூண்களில் பட்டு அந்தப் பேர் திரும்பி வந்தது.

"ஏ தங்கச்செல்வீ! எங்கடி இருக்க?"

பதில் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் எவ்வளவு என்று யாரும் அளக்க முடியாது. பிறகு ஒரு குழாய்க்குள்ளிருந்து, குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

"யம்மா?"

சந்தேகத்தோடு வந்த குரல். உண்மையிலேயே அம்மாதானா என்று கேட்கிற குரல். அடுத்தாற்போல் குழாய் வாயில் ஒரு தலை தெரிந்தது. ராக்கம்மாள் பாய்ந்து போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்து, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடியும் அழுகையும் ஒன்றாகவே வந்தன.

"செருப்பு அந்துருச்சும்மா. கால் சுட்டுச்சு. வெயில் தாழட்டும்னு உள்ள உக்காந்தேன்."

"நான் இந்த வழியாத்தான ஓடுனேன்! கொரல் குடுத்தா என்னடி?"

பிள்ளை மலங்க மலங்க விழித்தது. "யாரோ தடதடன்னு ஓடி வார சத்தம் கேட்டுச்சும்மா. புள்ள பிடிக்கிறவுகன்னு நெனச்சேன். நீதான சொன்ன, ஆள் சத்தம் கேட்டா மூச்சக் காட்டக்கூடாதுன்னு. வாயப் பொத்திக்கிட்டேன். நீன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ கூப்பிடவே இல்லையேம்மா."

ராக்கம்மாள் ஊட்டி வளர்த்த பயம் அவள் பிள்ளையை அவளிடமிருந்தே ஒளித்து வைத்திருந்தது. கரடி எந்தக் காட்டிலும் இல்லை. மகளின் குரலை வாங்கி வைத்துக்கொண்டது யார் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

புளியமரத்தடியிலிருந்து ஒரு பெண் போசியில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவள் பேச்சு புரியவில்லை. தண்ணீரை நீட்டினாள், அது புரிந்தது. அவளுக்குப் பின்னால், மரக்கிளையில் கட்டிய சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை கால் உதைத்துக்கொண்டிருந்தது. பலி கொடுக்கிறவர்களுக்கும் தலைப்பிள்ளை உண்டு போல. ராக்கம்மாள் வெட்கத்தோடு தண்ணீரை வாங்கி மகளுக்குக் கொடுத்து, மிச்சத்தைத் தான் குடித்தாள்.

பிறகுதான் பிள்ளையின் கக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். கடைசிப் பாகம். நுங்குத் தண்ணீர் பட்டு ஓரம் கறை பிடித்திருந்தது.

"அத இங்க குடு."

பிள்ளை கொடுத்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. முனிக்கு நேர்ந்துகொண்டது ராக்கம்மாளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் நூல் அறுந்துவிடும். இழுக்கவில்லை. திறந்தாள். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள். அதற்குள் எங்கேயோ ஒரு கிணறு. கிணற்றுக்குள் ஒரு பிள்ளை. மேட்டில் ஒரு தாய் திரும்பி நடக்க ஆரம்பித்திருக்கிறாள்.

"படிச்சு முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டேம்மா."

"அந்தப் புள்ள என்னாச்சு?"

"எந்தப் புள்ள?"

"பவளம்டி! கெணத்துக்குள்ள கெடந்தால்ல? வெளிய வந்துட்டாளா?"

பிள்ளை ஆச்சரியமாகப் பார்த்தது. அம்மாவுக்குக் கிணறு எப்படித் தெரியும்? "முன்னாடியே சொல்லக்கூடாதும்மா. மொதல்லருந்து படிச்சாத்தான் நல்லா இருக்கும். டீச்சர் சொல்லியிருக்காக."

"நல்லா இல்லாட்டிப் போகுது. வந்துட்டாளா இல்லையான்னு மட்டும் சொல்லு. பெறகு படி. வரலைன்னா எனக்கு அந்தக் கதை வேண்டாம் தங்கம். என்னால கேக்க முடியாது."

தங்கச்செல்வி அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வந்துட்டாம்மா. அவுக அம்மா திரும்பி வந்து கூப்பிடுவாக."

ராக்கம்மாள் குழாய் நிழலில் போய் உட்கார்ந்தாள். மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, சுட்டுப் புண்ணாகியிருந்த அவள் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முனிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான், ஒரு சேவலை அறுத்துச் சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். புத்தகத்தை வைத்துக்கொண்டு அது என்ன செய்யப் போகிறது, அதற்குப் படிக்கவா தெரியும்?

"ம், இப்பப் படி," என்றாள் ராக்கம்மாள். "மெதுவாப் படி."